சாவு வீட்டு வாக்கு

சாவு வீட்டில் கொடுக்கும் வாக்கை யாரும் காகிதத்தில் எழுதக் கூடாது. எங்கள் ஊர் கரா-தாலில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். நகராட்சிக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. அதனால்தான் ஜிபார் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டை இழந்தாள். நடந்தது இவ்வளவுதான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு வரியில் முடிக்கப் போய்த்தான் இந்த வினையே வந்தது.

ஜிபார் பிறந்தது மலைமேல், ஆட்டுப் பண்ணையின் குளிர்காலக் கொட்டகையில். பத்தொன்பது வயதில் தையல் ஆலை வேலைக்கென்று ஊருக்கு இறங்கி வந்தாள். பட்டாளத்துக் கோட்டுகளுக்குக் காலர் வைப்பது அவள் வேலை. கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிய கென்ஜெபெக் அவளைக் கட்டிக்கொண்டான். கட்டிய மறு வருஷம் சோவியத் போயிற்று, அதோடு ஆலை போயிற்று, பண்ணையும் போயிற்று. டிராக்டரை யாரோ அக்கு அக்காகக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் கென்ஜெபெக்கின் அண்ணன் ஒரோஸ்பாய் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டார்கள்.

ஒரோஸ்பாய் கால்நடை வைத்தியர். ஊரில் அவர் கை படாத மாடு இல்லை, அவரை முன்னிறுத்தாத பஞ்சாயத்தும் இல்லை. அவர் மனைவி கிளாரா. பெயர்தான் ரஷ்யப் பெயர். வாய் அசல் கரா-தால் வாய். ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில் மூன்று வருஷம் சமைத்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே மாவுப் பீப்பாய், இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வருஷம் கிளாரா தேயிலை டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்றைக்குத்தான் கென்ஜெபெக் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான்.

நாரின் ஆறு ஊரின் கீழ்ப்பக்கம் வளைந்து போகிற இடத்தில் அப்போது யாரும் இல்லை. வில்லோ மரங்களும், சிச்சிர்கனாக் என்கிற முள் புதரும்தான். கென்ஜெபெக் மண் வெட்டினான், ஜிபார் வைக்கோலைப் போட்டு மிதித்தாள், இரண்டு பேருமாகக் கல் அறுத்தார்கள். அவள் அப்போது ஆறு மாசம். மிதிக்க வேண்டாம் என்று அவன் சொன்னான். பின்னே யார் மிதிப்பார்கள் என்று அவள் கேட்டாள். முதல் பனி விழுவதற்குள் மூன்று அறையும் கூரையும் எழும்பிவிட்டன. பட்டா கிடையாது. அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பதினெட்டுக் குடும்பம் வந்து வீடு கட்டியது. அவர்களும் அடுத்த வருஷம் என்றார்கள். கீழத்தெரு என்று பெயரும் வந்துவிட்டது, பட்டாதான் வரவில்லை.

அந்தத் தெரு பிழைத்தது புதரை நம்பித்தான். சிச்சிர்கனாக் பழம் மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, நல்ல மஞ்சள். பழுத்த நாளில் தொட்டால் நசுங்கும். உறைபனி விழுந்த பிறகு கிளையைக் கழியால் தட்டினால் கலகலவென்று உதிரும். கீழே துணியை விரித்துவிட்டு பெண்கள் தட்டுவார்கள். கையெல்லாம் முள் கிழித்திருக்கும். அதைச் சர்க்கரையோடு அரைத்துப் பாட்டிலில் அடைத்து ஜிபார் சந்தையில் விற்பாள். பனிக்காலத்தில் அவளுடைய பசு அந்தப் புதருக்குள்தான் மேயும். ஒரே மகளை அந்த வருமானத்தில்தான் வளர்த்து, தலாஸ் பக்கம் கட்டிக்கொடுத்தாள்.

ஆறு நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் ஜல்லி லாரிகள் படுகையைத் தோண்டின. ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான் வந்து விழுந்தது. நிலக்கரி வாங்க வழியில்லாத குளிர்காலங்களில் கீழத்தெருக்காரர்களே வில்லோ மரங்களை வெட்டி எரித்தார்கள். அதில் ஜிபாரும் உண்டு. ஒரு காலத்தில் மாடு மிரள மிரளப் புதரிலிருந்து பறந்த காட்டுக் கோழிகளைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நகராட்சிக்கு வெளிநாட்டு மானியம் வந்தது. ஆற்றங்கரைக் காட்டைக் காப்பாற்றுவதற்கு இல்லை. காட்டை எப்படிக் காப்பாற்றலாம் என்று திட்டம் போடுவதற்கு. யோசிப்பதற்கே பணம் கொடுக்கிற தேசங்கள் உலகத்தில் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் கரா-தாலுக்குத் தெரிந்தது. ஊர் சிரித்தது. ஆனால் திட்டம் ஒன்றும் கெட்ட திட்டம் இல்லை. தண்ணீரிலிருந்து நூறு மீட்டருக்குள் வீடு கூடாது. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மேட்டில், பழைய விமானத் திடல் பக்கம், பட்டாவோடு மனை. காலி வீடு என்றால் இடித்துவிட வேண்டியது, மனை கிடையாது. கீழத்தெரு இதைக் கேட்டுக் குதூகலித்தது. முப்பது வருஷமாக வராத பட்டா, காட்டுக் கோழியின் புண்ணியத்தில் வரப்போகிறது. ஒருவன் தன் கோழிக்கூண்டுக்கு வாசக்கால் வைத்து, அதில் தன் தம்பி குடும்பம் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தான்.

கணக்கெடுப்பு ஆட்கள் ஜிபார் வீட்டு வாசலுக்கு வந்தது அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை. கென்ஜெபெக் இறந்தது அந்த வாரம் திங்கட்கிழமை.

காலையில் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனவன் வாளியோடு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. சொந்தபந்தம் திரண்டு வந்து முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பியது. உள்ளே அவனைக் கிடத்தினார்கள். ஜிபார் கறுப்பு முக்காடு போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அதுதான் முறை. ஒவ்வொரு கூட்டமாக ஆட்கள் வர வர, அவள் புதிது புதிதாகக் கட்டிப் பாட வேண்டும். விதவை திரும்பிப் பார்க்கக் கூடாது, எழுந்து வரக் கூடாது, பாட்டை நிறுத்திப் பேசக் கூடாது. வெளியே ஆண்கள் கழியை ஊன்றிக் குனிந்து நின்று, "தம்பீ, என் மலையே" என்று உரக்க அழுவார்கள். எல்லோரிலும் உரக்க அழுதது ஒரோஸ்பாய்.

மூன்றாம் நாள் நகராட்சி ஜீப் வந்து நின்றது. இறங்கியது சல்தனாத் என்ற சின்னப் பெண், அதிகாரி. அவளோடு ஒரு வெளிநாட்டு நிபுணர், கழுத்தில் தொலைநோக்கி. கூடாரத்தைப் பார்த்ததும் சல்தனாத் திரும்பிப் போய்விடத்தான் பார்த்தாள். சாவு வீட்டு வாசல் வரை வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. கையில் தண்ணீர் ஊற்றி, உட்கார வைத்து, முன்னால் கறியையும் ரொட்டியையும் வைத்துவிட்டார்கள். நிபுணர் திருதிருவென்று விழித்தார்.

"நாங்க இன்னொரு நாள் வர்றோம்யா. இப்ப கேக்கற கேள்வி இல்ல இது" என்றாள் சல்தனாத்.

"வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதும்மா. என்ன கேக்கணுமோ கேளு" என்றார் ஒரோஸ்பாய்.

அவள் தயங்கினாள். நிபுணருக்கு வெள்ளிக்கிழமை விமானம். கீழத்தெருவுக்கு மானியத்தில் ஒதுக்கியிருந்தது மூன்றே நாள், அது மூன்றாவது நாள். காகிதத்தை எடுத்தாள்.

"இந்த வீட்ல நிரந்தரமா யாரு குடியிருக்கா?"

கூடாரத்துக்குள் கம்பளிக்கு இந்தப் பக்கம் ஜிபார் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பேசுவது ஒரு முழ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது.

"இனிமே யாரு இருப்பா?" என்றார் ஒரோஸ்பாய். "என் தம்பியே போயிட்டான். அவன் பொண்டாட்டிய ஆத்தங்கரையில அனாதையா விட்டுட்டு நான் மேல உக்காந்து டீ குடிப்பேனா? நான் மனுசன் இல்லையா? நாப்பதாம் நாள் கழிஞ்சதும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். எழுதிக்கம்மா. ஆளில்லாத வீடுன்னு எழுதிக்க."

"அப்படிச் சொல்லுடா ஆம்பள!" என்றார் ஒரு கிழவர். மற்றக் கிழவர்கள் தாடியைத் தடவினார்கள்.

"நிச்சயமாங்கய்யா? அப்புறம் மாத்த முடியாது" என்றாள் சல்தனாத்.

"ஒரோஸ்பாய் சொன்ன சொல்ல மாத்தி நீ எங்கியாவது கேட்டிருக்கியா?"

அவரும் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த மனுஷர் நெஞ்சில் அதுதான் இருந்தது. எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் கொடுத்த வாக்கெல்லாம் நிறைவேறியிருந்தால் இங்கே ஒரு விதவை, ஓர் அனாதை இருந்திருக்க மாட்டார்கள். பிணம் கிடக்கும்போது மனம் பெரிதாகிவிடும். பிணத்தை எடுத்த பிறகு பழைய அளவுக்கு வந்துவிடும். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

ஜிபார் எல்லாவற்றையும் கேட்டாள். இனி என்ன ஆவோம் என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள். முதல் தடவையாக நெஞ்சில் ஈரம் பட்டது. அந்த நன்றியை அப்படியே ஒப்பாரியில் வைத்தாள்.

"அண்ணனொரு மலையிருக்க ஆத்தோட போவேனோ,
வாசலத் தொறந்து வச்சார், வார்த்தையில கூர வச்சார்..."

வெளியே நின்ற ஆண்கள் கேவி அழுதார்கள். ஒரோஸ்பாய் கழியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். சல்தனாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் 'ஆளில்லை' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் கழிந்தது. ஜிபார் துணிமணியை மூட்டை கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள். ஒரு வாரம் ஆயிற்று, யாரும் வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. ஒரோஸ்பாய் வீட்டிலிருந்து அரை மூட்டை மாவும் ஒரு சாக்கு நிலக்கரியும் வந்தன. கொண்டு வந்த டிரைவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஜிபார் மூட்டையை அவிழ்த்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அங்கே நாலு அறையில் இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நாலு பேரப்பிள்ளைகள். அந்த அடுப்பு எப்படிப்பட்டது என்றும் அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், கென்ஜெபெக் அறுத்த கல்லுக்குள் தனியாகப் படுப்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. புதரைத் தட்டினாள், பழம் விற்றாள், பசு ஒரு கன்று போட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

ஒரு ஜனவரி நாள் நகராட்சி ஆள் கீழத்தெருவில் வீடு வீடாக நீல அட்டை கொடுத்துக்கொண்டே வந்தான். அட்டையில் மனை எண் இருந்தது. பதினெட்டு வீட்டுக்கு அட்டை. ஜிபார் வீட்டுக் கதவில் மட்டும் சிவப்புச் சுண்ணத்தால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"என்னப்பா, எங்க வீட்டுக்கு?"

"இது காலி வீடும்மா."

"காலி வீடா? அப்ப நான் யாரு?"

"அது எனக்குத் தெரியாது. லிஸ்ட்ல காலின்னு இருக்கு" என்றான். பேசிக்கொண்டே அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஜிபார் நகராட்சிக்குப் போனாள். சல்தனாத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, முதுகைத்தானே பார்த்திருக்கிறாள். பழைய காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தாள்.

"ஐயோ அக்கா. நீங்க அண்ணன் வீட்டுக்குப் போகலையா?"

"போகல கண்ணு."

"அவரு சொன்னாரே. நான் ரெண்டு தரம் கேட்டேனே."

"சொன்னாரு. சாவு வீட்ல எல்லாரும் சொல்றதுதான். நீ நம்ம ஊர்ப் பொண்ணுதானே, உனக்குத் தெரியாதா?"

சல்தனாத் விதியைச் சொன்னாள். கோழிக்கூண்டுக்காரன் பண்ணிய கூத்துக்குப் பிறகு மானியக்காரர்கள் ஒரு விதி வைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தகவல் சொன்னவரே பொதுக் கூட்டத்தில் எழுந்து, சொன்னது தவறு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலில் மாற்றம். கூட்டம் பிப்ரவரி கடைசியில். மார்ச்சில் மானியம் முடிகிறது. திட்டத்தை மூடி அனுப்பிவிட வேண்டும்.

"அவரு ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. அங்கயே உங்க பேரச் சேத்துடுவேன். மனை எடுத்து வச்சிருக்கேன்னே வச்சுக்கோங்க. மனுவுல அவரு பேர நீங்க எழுதணும்."

"நீயே எழுதிடு" என்றாள் ஜிபார். புருஷனின் அண்ணன் பெயரை அவள் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை. அவர் எதிரில் நிமிர்ந்து பேசியதும் இல்லை.

அதனால் கிளாராவிடம் போனாள். கிளாரா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

"மனை குடுக்கறாங்களா? பட்டாவோடயா? பின்ன என்னடி, சொல்லச் சொல்றேன். எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி" என்றாள். இத்தனை வருஷத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை விரும்பியது அன்றைக்குத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே கிளாரா கூடத்துக்குப் போய்ப் பேச்சை எடுத்தாள். அடுப்படியில் நின்ற ஜிபாருக்கு எல்லாம் கேட்டது.

"ஊர் முன்னால எந்திரிச்சு, நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்னு சொல்லணுமா?" என்றார் ஒரோஸ்பாய்.

"பொய்யின்னு யாரு சொல்லச் சொன்னா? தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லு."

"கிழவங்க எல்லாம் கேட்டாங்கடி. தம்பி பொண்டாட்டிய வச்சுக் காப்பாத்த வக்கில்லாதவன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமா நான்? அவள யாரு வர வேணாம்னா? வரட்டும். கதவு தெறந்துதானே கெடக்கு."

"எங்க படுப்பா? உன் தொப்பிக்குள்ளயா?"

"என் வீடு. எங்க படுக்கணும்னு நான் சொல்லுவேன்."

கிளாரா திரும்பி வந்து அடுப்பில் கருகிப்போன ரொட்டியைச் சுரண்டினாள். "கூட்டத்துல சொல்லிடுவாரு. சும்மா வீம்பு" என்றாள். ஜிபாரும் அப்படித்தான் நினைத்தாள். மனசு வைத்தால் ஒரு வார்த்தை. அதற்கு வீடு கிடைக்கிறது. அதைக்கூடவா சொல்ல மாட்டார்?

கலாச்சார மன்றத்தில் நகரமே கூடியிருந்தது. மேடையில் பெரிய வரைபடம். ஆறு நீலத்தில், காடு பச்சையில். எந்தப் புதரில் எந்தப் பறவை முட்டையிடும் என்றுகூடக் குறித்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேயர் பேசினார், நிபுணர் படம் காட்டினார். கடைசியாக சல்தனாத் எழுந்தாள்.

"பத்தொன்பதாம் எண் வீடு. ஒரோஸ்பாய் அய்யா, அன்னைக்கு நீங்க குடுத்த தகவல்ல திருத்தம் ஏதாவது இருக்கா? அவங்க இப்பவும் அங்கதான் குடியிருக்காங்க. நீங்க ஆமான்னு சொன்னா அவங்களுக்கு மனை உண்டு." இதைவிட எளிதாக யாரும் கேட்க முடியாது. தட்டில் வைத்து நீட்டினாள் அந்தப் பெண்.

ஒரோஸ்பாய் எழுந்தார். கம்பளித் தொப்பியைச் சரிசெய்தார். முன் வரிசையில் கிழவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன வைத்தியரே, மாடு மாறி ஊசி போட்டுட்டியா?" என்றார். மன்றம் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

"திருத்தம் இல்ல. அவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டுக்கு வருவா. அனாதைக்குக் குடுக்கற மனை எங்களுக்கு வேண்டாம்."

கை தட்டினார்கள். கிளாரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை. ஜிபார் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பெரியத்தான். அது சாவு வீட்டுச் சொல்லு. அத நான் அன்னைக்கே நம்பல. உங்க மேல எனக்கு வருத்தமும் இல்ல. ரெண்டு வருஷமா நீங்க கூப்பிடவும் இல்ல, நான் வரவும் இல்ல. எனக்கு என் வீடு போகப் போகுது. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க."

நம்பவில்லை என்றது பொய். மூட்டை கட்டி வைத்து வாசலைப் பார்த்தவள் அவள். அவருக்கு ஒரு வழி விடத்தான் அப்படிச் சொன்னாள்.

"நம்பலையா?" என்று ஒரு கிழவர் எழுந்தார். "கூடாரத்துக்குள்ள நீதானம்மா பாடுன? அண்ணன் மலை, வார்த்தையில கூரன்னு? நாங்க அத்தன பேரும் கேட்டு அழுதோமே. இறந்தவன் முன்னால பொய்யா பாடுன?"

ஒப்பாரியில் பொய் பாடியவள் என்று பெயர் எடுப்பதைவிட எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வேறு கேவலம் இல்லை. புருஷனையே பழித்த மாதிரி.

"இல்ல" என்றாள்.

ஒரோஸ்பாய் முகம் சிவந்துபோயிருந்தது. "ரெண்டு வருஷமா கூப்பிடலைன்னு ஊர் முன்னால சொல்லிக் காட்டிட்ட. சரி. இன்னைக்கே கூப்பிடறேன். இப்ப. லாரியோட வர்றேன், ஊரே வந்து பாக்கட்டும்."

கிழவர்கள் இரு கையையும் ஏந்தி அவரை ஆசீர்வதித்தார்கள். மன்றம் முழுக்கக் கையை முகத்தில் தடவி, அப்படியே ஆகட்டும் என்று "ஓமின்" சொன்னது. ஜிபாரும் தடவினாள். எல்லோரும் தடவும்போது ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பது? சல்தனாத் மேடையில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த எண்ணைப் படித்தாள்.

சொன்னபடியே அன்று மத்தியானம் லாரி வந்தது. வீம்பு பிடித்த மனுஷர் தாமே அலமாரியைத் தூக்கினார். பசுவையும் கன்றையும் கட்ட மேலே இடம் இல்லை, சந்தையில் கொடுத்துவிட்டார்கள். மே மாதம் பறவைகள் முட்டையிடுமுன் இடிக்க வேண்டும் என்று இயந்திரம் வந்து ஒரு காலை நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போயிற்று. பச்சைக் கல்தானே, தண்ணீர் பட்டதும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஜிபார் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, அவளால் முடியவில்லை.

திட்டம் நன்றாகவே நடந்தது. லாரிகள் நின்றன, குப்பை நின்றது. இரண்டாம் வருஷமே காட்டுக் கோழியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கீழத்தெருவின் பதினெட்டுக் குடும்பமும் விமானத் திடலில் வீடு கட்டிப் பட்டாவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கோழிக்கூண்டுக்காரன் இரண்டு மாடி கட்டினான்.

ஜிபாருக்கு இடம் அடுப்படியில், மாவுப் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில். பிள்ளைகள் தூங்கிய பிறகு மெத்தையை விரிப்பாள். மருமகள்கள் எழுந்திருப்பதற்கு முன் சுருட்டிவிடுவாள். யாரும் அவளைத் திட்டுவதில்லை. மருமகள்கள் அவள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். மகளுக்குப் போனில் நன்றாக இருப்பதாகச் சொல்வாள். மகள் வீட்டோடு போய் இருக்கிற தாயை எங்கள் பக்கம் யாரும் மெச்சுவதில்லை. அப்படிப் போனால் ஒரோஸ்பாயின் சொல் மறுபடி பொய்யாகிவிடும். அதற்கு இனி அவர் விடவும் மாட்டார்.

ஏனென்றால் ஒரோஸ்பாய்க்கு அவள் வந்ததில் பெரிய பேர். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும், எந்தச் சண்டை தீர்த்தாலும், அவரைத்தான் காட்டுகிறார்கள். சொன்னால் சொன்னதைச் செய்கிற மனுஷர். வெளியூர் ஆட்கள் அதற்காகவே வந்து அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வந்தவர்களுக்கு அவள் கையால் டீ கொடுக்க வேண்டும். அவர் அவளைக் காட்டிக் கதையைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஓஷ் நகரத்திலிருந்து அவருடைய பழைய சிநேகிதர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அடுப்படியில் கிளாரா கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜிபார் கிண்ணங்களைத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். கிளாராவுக்கு முழங்கால் வலி, அன்றைக்கு அதிகம். உட்காரலாம் என்றால் உட்காருகிற இடத்தில் ஜிபாரின் மெத்தைச் சுருட்டு இருந்தது. கிளாரா அதைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காத."

"கேளுங்கக்கா."

"நீ இங்க இருக்கறது எனக்குப் பிடிக்கல."

"தெரியும்க்கா."

"உனக்கும் பிடிக்கல."

ஜிபார் அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

"அவருக்கு மட்டும் பிடிச்சிருக்கா? நீ உள்ள இருக்கியேன்னு ரெண்டு வருஷமா அவரு அடுப்படிப் பக்கம் வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. தம்பி மூஞ்சி ஞாபகம் வருதாம்." கிளாரா சுவரில் சாய்ந்தாள். "நாம மூணு பேரும் இப்படி வேகறமே, யாருக்காகடி?"

ஜிபார் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கென்ஜெபெக்குக்காகவா என்று பார்த்தாள். அவன் இதைக் கேட்டிருக்க மாட்டான். ஊருக்காகவா என்றால், ஊர் தன் தன் வீட்டில் இருந்தது.

"ஜிபாரு! டீ கொண்டாம்மா!" என்று கூடத்திலிருந்து ஒரோஸ்பாய் கூப்பிட்டார். விருந்தாளிகள் கேட்கும்படி, பாசமாக, உரக்க.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முறைப்படி அரைக் கிண்ணம் ஊற்றி, மூத்தவருக்கு முதலில் நீட்டினாள்.

"இவதானா அது?" என்றார் விருந்தாளி, அவளை ஏற இறங்கப் பார்த்து. "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. குடுத்து வச்சவம்மா நீ. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்" என்றாள் ஜிபார்.

அவர்கள் கையை ஏந்தி ஒரோஸ்பாயை ஆசீர்வதித்து, முகத்தில் தடவிக்கொண்டார்கள். தட்டு இரண்டு கையிலும் இருந்ததால் அவள் சும்மா நின்றாள்.